கண்ணுக்குள்ளே ஒரு பாப்பா

நம் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் என் அறைக் கதவைத் தட்டியது மூன்று தடவை. முதல் தடவை பரீட்சை என்று சொல்லித் தப்பினேன். இரண்டாம் தடவை ஜுரம் என்றேன். மூன்றாம் தடவை அவர் வெறுங்கையுடன் வரவில்லை. ஊரிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலம் ஒன்றுடன் வந்தார். அதைத் தின்றுவிட்ட குற்றத்திற்காக இதை எழுதுகிறேன். எழுதுகிறவன் விஞ்ஞான மாணவன் என்பதால் இது விஞ்ஞானக் கட்டுரையாக இருக்கும் என்று அஞ்சி யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது ஒரு சொல்லைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அந்தச் சொல் எனக்குத் தெரியாமல் போனதைப் பற்றியது.

சென்ற ஆவணி மாதம். காசியில் ஆவணி எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கங்கை ஒவ்வொரு படியாக விழுங்கிக்கொண்டு மேலே வருவாள். துவைத்துப் போட்ட சட்டை நாலு நாளாகியும் உலராது. அப்படிப்பட்ட ஒரு காலை வேளையில் எங்கள் விலங்கியல் வகுப்பில் கண் பாடம் நடந்தது. ஆட்டுக் கண். கசாப்புக் கடையிலிருந்து முதல் நாளே வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள்.

முன்பக்கம் கண்ணாடி போல் இருக்கிறதே, அதற்குக் கார்னியா என்று பெயர். கொம்பு போன்றது என்று பொருள். அன்று எனக்குக் கிடைத்த கண்ணில் அது மங்கிப் போய், குளிர்காலத்துச் சன்னலில் மூச்சுவிட்டது போல் ஆவி படிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் ஐரிஸ். வானவில் என்று பொருள். நடுவில் ஆட்டுக்கு உரிய முறையில் கிடைமட்டமாக ஒரு கரிய பிளவு. கத்தரித்துத் திறந்தால் உள்ளே கூழ். கூழுக்கு முன்னே, உருண்டு திரண்ட பாசிமணி போல லென்ஸ். லத்தீனில் லென்ஸ் என்றால் மைசூர்ப் பருப்பு. நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் இரவுதோறும் நமக்கு ஊற்றப்படுகிற அதே பருப்புத்தான். கண்ணுக்குள்ளும் அது போய் உட்கார்ந்திருக்கிறது என்று அறிந்த பிறகு எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டாயிற்று. சுவை மட்டும் கூடவில்லை.

எங்கள் ஆசிரியர் வங்காளத்துப் பெரியவர். ஓய்வு பெற இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது. கையிலிருந்த இடுக்கியின் நுனியால் அந்தக் கரிய பிளவைத் தொட்டுக் காட்டி, "இதற்கு என்ன பெயர்?" என்றார்.

"பியூப்பில்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

"இது ஒரு பொருளா?"

"இல்லை ஐயா, துளை."

"துளைக்கு ஏன் இந்தப் பெயர்?"

மௌனம். அவர் பார்வை வரிசை வரிசையாக நகர்ந்து, கடைசியில் என்மேல் வந்து நின்றது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்குச் சின்ன வயது முதலே ஒரு கெட்ட பழக்கம். தெரியாததற்கும் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவேன். "பியூப்பில் என்றால் மாணவன். ஒளியைக் கண் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் இடம் என்பதால் இருக்கலாம், ஐயா" என்றேன்.

வகுப்பு சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "தெரு சரி, வீடுதான் தவறு" என்றார். பிறகு இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார்.

லத்தீனில் பூப்பா என்றால் சிறுமி. பொம்மை என்றும் பொருள். பட்டாம்பூச்சி ஆவதற்கு முன் கூட்டுக்குள் கிடக்கும் புழுவை நாம் பியூப்பா என்கிறோமே, அதுவும் இந்தப் பொம்மைதான். துணியில் சுற்றிய குழந்தை போல் கிடப்பதால் வந்த பெயர். பூப்பில்லா என்றால் குட்டிப் பொம்மை. எதிரில் இருப்பவர் கண்ணை மிக நெருங்கிப் பார்த்தால் அந்தக் கருமைக்குள் நம்முடைய உருவமே குட்டிப் பொம்மையாக நிற்பது தெரியும். அதனால் கண்ணின் அந்த இடமே பொம்மை ஆயிற்று. தகப்பனை இழந்து, பாதுகாவலர் பொறுப்பில் வளரும் குழந்தைக்கும் ரோமானியர்கள் அதே சொல்லை வைத்தார்கள். பிறர் பொறுப்பில் விடப்பட்ட அந்தப் பிள்ளைதான் பின்னால் ஆங்கிலத்தில் மாணவன் ஆனான். "ஆகவே கண்ணில் இருப்பவள் பொம்மை, இந்த வகுப்பில் இருப்பவர்கள் அநாதைகள்" என்றார் பெரியவர். இப்போது அவரும் சேர்ந்து சிரித்தார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அவர் விடவில்லை. "ரோமானியர்கள் மட்டுமா? கிரேக்கர்களும் இதைக் கோரே என்றார்கள். கன்னிப்பெண் என்று பொருள். நம் நாட்டில் என்ன சொல்கிறோம்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்றார்.

பீஹார் நண்பன் உடனே, "ஆங்க் கீ புத்லி" என்றான். புத்லி என்றால் பொம்மை; பொம்மலாட்டப் பாவையும் அதுவே. குண்டூர்ப் பெண், "கனுபாப" என்றாள்; கண்ணின் குழந்தை. கேரளத்துத் தோழர், "கிருஷ்ணமணி" என்றார், கருமையான மணி. ஆசிரியர் தம் மொழியில் தாரா என்று சொல்வதுண்டு என்றார், நட்சத்திரம். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கள் மொழியில்?"

"கருவிழி" என்றேன்.

"அதற்குப் பொருள்?"

"கறுப்புக் கண்."

"அது கறுத்த பகுதி முழுவதற்கும் பெயர் அல்லவா? இந்தத் துளைக்கு? உங்கள் சொல்லுக்குள் ஒரு படமும் இல்லையா?"

"இல்லை, ஐயா" என்றேன்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாததைத் தமிழுக்கே இல்லை என்று சொல்லிவிட்டேன். பெரியவர் ஆச்சரியப்பட்டார், ஆனால் தமிழனே சொல்லும்போது அவர் என்ன செய்வார்? அடுத்த பாடத்திற்குப் போய்விட்டார்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. நான் அப்பத்தாவிடம் வளர்ந்தேன். அவர்கள் வியர்வை சிந்திச் சம்பாதித்த காசில் என்னை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தார்கள். கண்ணின் படத்தை வரைந்து பாகம் குறிப்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. கார்னியா, ஐரிஸ், பியூப்பில், ரெட்டினா என்று அம்புக்குறி போட்டு எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன். தமிழ்ப் பாடம் வேறு புத்தகம். அதில் கண் வரும், ஆனால் படத்தோடு வராது. இரண்டு புத்தகங்களையும் ஒரே பையில்தான் சுமந்தேன். ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

அன்று இரவு ஏழரை மணிக்கு வழக்கம்போல் அப்பத்தாவைக் கைபேசியில் அழைத்தேன். சாப்பாடு, மழை, பசுமாடு எல்லாம் விசாரித்து முடிந்த பிறகு, "அப்பத்தா, கண்ணு நடுவுல கறுப்பா ஒரு வட்டம் இருக்கே, அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"பாப்பா."

"என்னது?"

"கண்ணுப் பாப்பாடா. இதைக் கேக்கவா காசிக்குப் போன?"

கைபேசியைக் காதில் வைத்தபடி விடுதி மொட்டை மாடியில் அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து வயதிருக்கும். களத்தில் நெல் தூற்றும்போது கண்ணில் தூசி விழுந்து கத்திக்கொண்டு ஓடி வந்தேன். அப்பத்தா என்னை மடியில் இழுத்துப் போட்டு, இமையை விரித்து, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து ஊதிச் சூடேற்றி ஒற்றி எடுத்தாள். நான் அழுகையை நிறுத்தவில்லை. "என் கண்ணைப் பாரு, உள்ள ஒரு பாப்பா நிக்குது பாரு" என்றாள். பார்த்தேன். நின்றது. "யாரு அது?" "நீதான்." "நான் எப்ப உள்ள போனேன்?" "பொறந்த அன்னிக்கே போயிட்ட."

லத்தீன் அகராதியும் கிரேக்கமும் சொன்னதை அவள் அன்றைக்கே காட்டிக்கூடக் கொடுத்திருக்கிறாள். நான் ஐந்து மதிப்பெண்ணுக்காக அதை மறந்திருக்கிறேன்.

கைபேசியில் அப்பத்தா தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். "பாப்பா போயிட்டா ஆளு போயாச்சுன்னு எங்க மாமியா சொல்லும். அது சாகக் கெடந்தப்ப நான்தான் விளக்கைப் புடிச்சுப் பாத்துச் சொன்னேன், பாப்பா இருக்கு, இன்னும் ரெண்டு நாள் தாங்கும்னு. எனக்கு யாரு பாத்துச் சொல்லுவா? எனக்கே எதுவும் தெரியலே." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அப்பத்தாவுக்குக் கண் தெரியாது. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருப்பது சரியல்ல. நாலு வருஷத்துக்கு முன் அவள் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கத்தில் வைத்த செம்பைத் தட்டிவிடுவாள். நேராக வைத்தால் எடுத்துவிடுவாள். ஓரத்தில் வைத்தால் தட்டுவாள். வயதானால் அப்படித்தான் என்றோம். நான் கேலிகூடச் செய்தேன். அந்த ஆண்டுதான் நான் பி. எஸ்ஸி.யில் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயைப் படித்தேன். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறும், வலி இருக்காது, பார்வை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கும், பார்வை நரம்பு ஒருமுறை கெட்டால் திரும்பாது, முன்னதாகக் கண்டுபிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இவ்வளவையும் விடைத்தாளில் வரிசை தவறாமல் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, செம்பைத் தட்டிவிட்ட கிழவியைப் பார்த்துச் சிரித்தேன். ஓராண்டு கழித்து மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சிறுமியின் உதவியால் வீடியோ அழைப்பில் அப்பத்தாவின் கண்ணைப் பார்க்க முயன்றேன். அவள் கைபேசியை அப்பத்தாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணில் வெள்ளையாக ஒரு நீள்சதுரம் மட்டும் மின்னியது. அது அந்தக் கைபேசித் திரையின் ஒளி. அந்தச் சதுரத்துக்குள் என் முகமும் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து அதைப் பார்க்க முடியவில்லை.

"இருக்கா?" என்றாள் அப்பத்தா.

"சரியாத் தெரியலே, அப்பத்தா. நேர்ல வந்து பாக்கிறேன்" என்றேன்.

இதற்குப் பிறகுதான் நான் நூலகத்துக்குப் போனேன். நம் சங்கத்து அலமாரியில் சென்னைப் பல்கலைக் கழகத்துத் தமிழ் லெக்ஸிகன் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த பெருநூல். நம்மவர்கள் அதைக் காரம் பலகைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வைத்திருக்கிறார்கள். இழுத்து எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். பாவை: பொம்மை, உருவம், பெண், கண்ணின் கருமணி. நான்கும் ஒரே சொல்லின் கீழ் வரிசையாக நின்றன. பெரியவர் கேட்ட படம் இதைவிடத் தெளிவாக எந்த மொழியில் இருக்கும்?

திருக்குறளில் காமத்துப் பாலிலும் அந்தப் பாவை இருக்கிறாள், 1123ஆவது குறளில். காதலியைத் தன் கண்ணுக்குள் குடிவைக்க விரும்புகிறான் காதலன். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளே! ஆகவே கருமணியில் இருக்கும் பாவையைப் பார்த்து, நீ வெளியே போய்விடு, நான் விரும்பும் பெண்ணுக்கு இங்கே இடமில்லை என்கிறான். காசியில் வீட்டுக்காரர்கள் நம்மைக் காலிசெய்யச் சொல்வது போலத்தான். ஆனால் வள்ளுவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணில் பாவை இருப்பது கேட்பவர்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டே பேசுகிறார். நமக்குத்தான் பொழிப்புரை தேவைப்படுகிறது. பள்ளியில் மேடையேறி அறுபது குறள் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். காமத்துப் பாலிலிருந்து ஒன்றுகூட அந்த அறுபதில் இல்லை.

பிறகு ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது. வடமொழியில் கனீனிகை, சிறுமி என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. அராபியர்கள் கண்ணின் மனிதன் என்கிறார்கள். பாரசீகத்தில் மர்துமக், குட்டி மனிதன். ஸ்பானியர்களுக்கு இன்றும் கண்ணின் சிறுமிதான். பிளாட்டோவின் பெயரால் வழங்கும் அல்கிபியாடஸ் என்னும் உரையாடலில், ஒருவன் இன்னொருவன் கண்ணை நோக்கினால் தன் முகத்தைக் கண்ணாடியில் போல் அதில் காண்பான், அதனால்தான் அதைக் கோரே என்கிறோம் என்று சாக்ரடீஸ் விளக்குகிறார்.

இதை நான் நம் சங்கத்துக் கூட்டத்தில் சொன்னபோது ஓர் அன்பர் எழுந்து, "ஆக, எல்லோரும் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்!" என்றார். கைதட்டல் வேறு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லத்தீன்காரர்கள் கிரேக்கர்களைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கலாம். அவர்கள் அண்டை வீட்டார். மற்றபடி இந்தச் சொல்லை யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தோடு முகம் வைத்துப் பார்த்த எந்த நாட்டுத் தாய்க்கும் இது தெரிந்திருக்கும். பெருமை பேச வேறு எவ்வளவோ இருக்கிறது.

என் அறை நண்பர் பௌதிக மாணவர். சொல்லோடு நில்லாமல் அளந்து பார்த்துவிடுவது என்று இருவரும் தீர்மானித்தோம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே, இருபத்தைந்து சென்டிமீட்டர் தூரத்தில் மூக்குக்கு மூக்கு உட்கார்ந்து, நடுவில் அளவுகோல் பிடித்து ஒருவர் கண்ணை ஒருவர் வெறித்துக்கொண்டிருந்தபோது விடுதிக் காவலர் கதவைத் திறந்துவிட்டார். அவர் என்ன நினைத்தாரோ, ஒன்றும் கேட்காமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

கணக்கு இதுதான். கார்னியாவின் முன்பரப்பு ஒரு குவியாடி. அதன் வளைவு ஆரம் ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர், குவிய தூரம் அதில் பாதி, 3.9. இருபத்தைந்து சென்டிமீட்டர் தூரத்திலுள்ள பொருளை அது அறுபத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கி நிமிர்ந்த உருவமாகக் காட்டும். மோவாயிலிருந்து முன்மயிர் வரை இருபது சென்டிமீட்டர் உள்ள என் முகம் அங்கே மூன்று மில்லிமீட்டர். பகல் வெளிச்சத்தில் பாவையின் அகலம் இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர். என்ன பொருத்தம் பாருங்கள்! உருவம் தோன்றும் இடமும் கார்னியாவுக்குச் சுமார் நான்கு மில்லிமீட்டர் பின்னால். பாவை இருப்பதும் கிட்டத்தட்ட அங்கேதான். அதனால்தான் அது மேலே ஒட்டியதாகத் தெரியாமல் துளைக்குள்ளேயே நிற்பது போல் தோன்றுகிறது. கார்னியா தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவு மங்கலான உருவம் கண்ணுக்குப் புலப்படக் காரணம் பின்னாலிருக்கும் கருமை. இரவில் ரயில் சன்னலில் நம் முகம் தெரிவதும் இப்படித்தான்.

இந்த மகிழ்ச்சியில் இருந்தவனுக்கு இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டன. ஒன்று, ரோமானியர் பிளினி எழுதிய இயற்கை வரலாறு. கி. பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தாரே, அவர்தாம். நோயாளியின் கண் பாவைகள் உருவத்தைப் பிரதிபலிக்கும் வரை மரணத்துக்கு அஞ்ச வேண்டாம் என்று அதில் எழுதுகிறார். மற்றொன்று சரக சம்ஹிதை. அதில் இந்திரிய ஸ்தானம் என்னும் பகுதி சாவுக் குறிகளைச் சொல்வது. எவனுடைய கண்களில் நிழலுருவான குமாரிகை சிதைந்து தெரிகிறாளோ அவனுக்கு மருத்துவம் செய்ய வைத்தியன் விரும்பலாகாது என்கிறது. குமாரிகை! அங்கேயும் ஒரு சிறுமி.

எங்கள் அப்பத்தாவின் மாமியார் பிளினியைப் படித்தவரல்லர். கையெழுத்துப் போடவும் தெரியாது.

இதில் மூடநம்பிக்கை என்று தள்ள ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கார்னியா கண்ணாடியாக மின்னுவதற்குக் காரணம் அதன்மேல் பரவியிருக்கும் மெல்லிய கண்ணீர்ப் படலம். நாம் இமைக்கும்போதெல்லாம் அது புதுப்பிக்கப்படுகிறது. இமைப்பது நின்றால் படலம் உலரும்; பரப்பு கரடாகும்; கார்னியா மங்கும்; உருவம் சிதையும். வகுப்பில் எனக்குக் கிடைத்த ஆட்டுக் கண் ஏன் ஆவி படிந்தது போல் இருந்தது என்பது இப்போது விளங்கிற்று. அன்று அதன்மேல் குனிந்திருந்தபோது என் முகம் அதில் தெரியவில்லை.

ஆசிரியரிடம் போய், "இருக்கிறது, ஐயா, அன்று தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். கரும்பலகையில் எழுதச் சொன்னார். தமிழ் எழுத்தில் பாவை என்று எழுதினேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரலால் தொட்டுப் பார்த்தார். "யாரிடம் கேட்டாய்?" என்றார். "பாட்டியிடம்." "பார்த்தாயா, அவர் கண்ணில்?" என்றார். நான் பேசாமல் நின்றேன்.

மார்கழியில் விடுமுறை வந்ததும் இராமேசுவரம் வண்டியில் ஏறினேன். இரண்டு இரவும் சன்னல் ஓரம் கிடைத்தது. கண்ணாடியில் என் முகம்தான் கூடவே வந்தது. ஊருக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். காலடியைக் கேட்டே, "வந்துட்டியா ராசா?" என்றாள். இளைத்திருந்தாள். முன்பெல்லாம் ஆள் வந்தால் எழுந்து நிற்பாள். இப்போது கையை மட்டும் நீட்டினாள்.

இரவு மின்சாரம் இல்லை. நான் கைபேசி விளக்கை எடுத்து அவள் கண்ணில் அடித்தேன். படித்தவன் புத்தி! பாவை அகன்று கிடந்தது. ஆரோக்கியமான கண்ணானால் வெளிச்சம் பட்டதும் அது சுருங்க வேண்டும். சுருங்கவில்லை. இரண்டு கண்ணிலும் பார்த்தேன். இரண்டிலும் சுருங்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சென்ற வருஷம்வரை வெளிச்சம் மட்டுமாவது தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்லே."

"விளக்கை எடுத்துக்கிட்டு வா. அதுலதான் நல்லாத் தெரியும்."

சாமி மாடத்திலிருந்து காமாட்சி விளக்கை எடுத்து வந்தேன். என் முகத்தில் வெளிச்சம் படும்படி பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் அவள் முன்னே குந்தினேன். அப்பத்தா இரண்டு முறை இமைத்தாள். பிறகு கண்ணை அகல விரித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள், படம் பிடிக்கிறவன் முன்னால் உட்கார்ந்தது போல.

இருந்தது. நினைத்ததைவிடத் தெளிவாக இருந்தது. பாவை அகன்று போனதால் பின்னாலிருந்த கருமை பெரிதாகிவிட்டது. அதற்கு நடுவே விளக்கின் சுடர் ஓர் ஊசிமுனை. அதன் பக்கத்தில் நெற்றி, மூக்கு, தாடி எல்லாம் கொண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் ஒருவன் குந்தியிருந்தான். பார்வை நரம்புக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே எல்லாம் அணைந்து போனாலும் முன்வாசல் கண்ணாடி தெளிவாக இருக்கும் வரை அவன் அங்கே இருப்பான். இதை நான் கணக்குப் போட்டே அறிந்திருக்கலாம், போட்டிருந்தேனோ என்னவோ. விளக்கைப் பிடித்த கை மட்டும் நடுங்கிற்று.

"இருக்கா?"

"இருக்கு, அப்பத்தா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. எனக்காகச் சொல்லாதே."

"நல்லாப் பாத்துட்டேன். ரெண்டு கண்ணுலயும் இருக்கு."

அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. கை நீட்டி என் மோவாயைத் தடவினாள். கன்னத்துக்குப் போனாள். அங்கே நிறுத்தினாள்.

"பாப்பா மெலிஞ்சிருக்கா?"

"கொஞ்சம்."

"காசியில என்னதான் திங்குறியோ. அடுப்புல ரசம் இருக்கு, உறியில கருவாடு இருக்கு. விளக்கை மாடத்துல வச்சிட்டு வந்து தட்டை எடு."